சந்தேகத்தின் பேரில் நிறுத்திய கல்யாணம்

நோய்க் கண்காணிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் நிறைய வெற்றிக் கதைகளைச் சொல்லியிருப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது, ஓடினோம், குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருந்ததைக் கண்டுபிடித்தோம், ஊர் தப்பித்தது. அதெல்லாம் நடந்ததுதான். நானும் அப்படிச் சிலவற்றை மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்குள் ஓரிடத்தில் உட்காராமல் அலைந்துகொண்டிருப்பது வேறொரு சம்பவம். அதிலும் ஓடினோம். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் நோய் இல்லை.

அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. இந்த வேலையில் உங்களுக்கு அதிகம் வாய்க்கப்போவது அந்த மாதிரி நாட்கள்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தெருவின் பெயரை அன்றும் யாரிடமும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். பணியில் சேர்ந்து அதிக காலம் ஆகாத இளைஞர். நோய்களைப் பற்றிய தினசரித் தகவலை ஒரு நாள்கூடத் தவறாமல் அனுப்புகிறவர் என்பதால் குரல் எனக்குப் பழக்கம். அன்றைக்கு அந்தக் குரல் தடுமாறியது.

"மேடம், ஒரு பொண்ணு வந்திருக்கு. கழுத்து ரெண்டு பக்கமும் வீங்கியிருக்கு. தொண்டைக்குள்ள சாம்பல் கலர்ல தோல் மாதிரி படிஞ்சிருக்கு. நான் இத நேர்ல பாத்ததே இல்ல மேடம், புக்ல படம்தான் பாத்திருக்கேன்."

"தொண்டை அடைப்பானா?"

"அப்படித்தான் தோணுது. சாம்பிள் எடுத்து அனுப்பிட்டேன். மருந்தும் ஆரம்பிச்சிட்டேன். நடுவுல ஞாயித்துக்கிழம வருது, ரிசல்ட் அடுத்த வாரம்தான் கிடைக்கும்."

தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, என்றவுடன் பயப்பட வேண்டிய தலைமுறை அல்ல நீங்கள். தடுப்பூசி அதை ஏறக்குறைய மறக்கடித்துவிட்டது. ஆனால் வந்தால் அது இருமலில், பேச்சில், ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவதில் பரவும். ஊசி போட்டு முடிக்காத கைக்குழந்தைகளுக்கு அது மூச்சை அடைக்கிற நோய். அதனால்தான் இதில் விதி தெளிவானது: சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டும், முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அந்த இளைஞர் விதிப்படி செய்திருந்தார்.

வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"அதான் மேடம் பிரச்சின. இந்தப் பொண்ணோட அக்காவுக்கு ஞாயித்துக்கிழம கல்யாணம். வீடு பூரா சொந்தக்காரங்களாம்."

என் மேலதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் மோசமான மனிதர் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷயத்தைக் கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அந்தத் தெருவா? கொரோனா சமயத்துல அங்க தகரம் அடிச்சு மூடினோமே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் எத்தனை மாசம் அவங்க கடைக்கு ஒருத்தரும் போகல தெரியுமா? இப்ப கல்யாண வீட்டு வாசல்ல போய் நோய்னு நின்னா என்ன ஆகும்? ரிசல்ட் வரட்டும்மா."

"ரிசல்ட் வர்றதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிடும் சார்."

"இல்லன்னு வந்துச்சுன்னா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. நான் போகக் கூடாது என்று அவர் உத்தரவிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. இந்த வேலையில் உங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கப்போவது அப்படிப்பட்ட அனுமதிதான்.

ஜீப்பை இரண்டு தெரு தள்ளி, பெரிய மார்க்கெட் பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தே போனேன். அரசாங்கப் பலகை வைத்த ஜீப் வாசலில் நின்றால் நான் வாயே திறக்க வேண்டாம், தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

பந்தல் போட்டு முடித்திருந்தார்கள். உள்ளே பெண்களின் சிரிப்புச் சத்தம். பெண்ணின் அப்பா கரீம் பாய் வாசலிலேயே நாற்காலி வரிசையைச் சரி பார்த்துக்கொண்டு நின்றார். மெத்தை தைக்கும் கடை வைத்திருப்பவர். சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் சின்ன மகள் ஆயிஷாவோடு இருந்தார். நான் யார் என்று சொன்னதும் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"டான்சில்னுதான சொன்னாங்க? மொத ஒரு டாக்டரு மாத்திர கூட குடுத்தாரே."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நோயின் பெயர், அது பரவும் விதம், வீட்டில் எல்லோருக்கும் மாத்திரை தரவேண்டியது, முடிந்தால் கல்யாணத்தைச் சில நாள் தள்ளிப்போடுவது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது அந்த நோய்தான்னு உறுதியா சொல்றீங்களா?"

"இல்ல. உறுதியாத் தெரியாது."

"தெரியாமயா எங்க வீட்டு கல்யாணத்த நிறுத்த வந்தீங்க?" குரல் ஏறவில்லை, இறுகியது. "அன்னிக்கு தகரம் அடிச்சீங்க. எங்க வூட்ல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. ஆனா எங்க கடை வாசல்ல நிக்கவே ஜனம் பயந்துச்சு. இப்ப இன்னாம்மா, பந்தல்லயே வந்து அடிக்கப் போறீங்களா?"

"நிறுத்தற அதிகாரம் எனக்கு இல்ல பாய். நான் கேட்டுக்கத்தான் வந்தேன். தெரியற வரைக்கும் உக்காந்திருந்தா ஞாயித்துக்கிழம போயிடும். அப்புறம் தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல."

அப்போது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மணப்பெண் நஸ்ரின் உள்ளே வந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கைவரை மருதாணி. காயாததால் கைகளை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்திருந்தாள். வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மேடம், ஆயிஷாவும் நானும் ஒரே பாய்லதான் படுப்போம். எனக்கும் இருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்."

"தெரியாமயே இன்னொருத்தருக்கு என்கிட்ட இருந்து போகுமா?"

"போகும்."

அவள் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள் என்று பிறகு தெரிந்தது. அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அத்தா, மாப்பிள்ள வீட்ல பாப்பா இருக்கு. அவரோட அக்கா புள்ள. பொறந்து மாசம்கூட முழுசா ஆவல. கல்யாணத்தன்னிக்கு எம்மடியிலதான் கொண்டாந்து வைப்பாங்க."

"ஒண்ணும் ஆவாதும்மா. மேடத்துக்கே உறுதியாத் தெரியலங்கறாங்க."

"எங்க கம்பெனில ஒரு மூடி சந்தேகமா இருந்தா அதோட வந்த மொத்த லாட்டையே வெளிய விடமாட்டோம் அத்தா. உறுதியாத் தெரிஞ்சதுக்கப்புறம் நிறுத்தறதுக்கு நாங்க எதுக்கு?"

கரீம் பாய் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பந்தலில் யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் எழவில்லை. "நான் பேச மாட்டேன். எனக்கு வாய் வராது" என்றார்.

"நானே பேசறேன். மேடம், என் கை காயல. அந்த போனை எடுத்து நம்பர் போட்டு காதுல வைங்க."

என் பணிக்காலத்தில் எத்தனையோ அதிகாரிகளுக்கு, அமைச்சர் அலுவலகங்களுக்குப் போன் செய்திருக்கிறேன். இன்னொருவர் காதில் போனைப் பிடித்துக்கொண்டு ஒருநாளும் நின்றதில்லை. நெல்லிக்குப்பத்தில் மாப்பிள்ளையின் அம்மா எடுத்தார்.

"மாமி, நான் நஸ்ரின். ஞாயித்துக்கிழம கல்யாணம் வேணாம் மாமி..."

அதற்கு மேல் அவளைப் பேசவிடவில்லை. எதிர்முனையில் குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது. மறுபடி போட்டோம், எடுக்கவில்லை. பிறகு இரண்டு வீட்டு ஆண்களும் பேசினார்கள், பெரியவர்கள் பேசினார்கள், ஆளுக்கொன்று புரிந்துகொண்டார்கள். முடிவில் கல்யாணம் நின்றது. தள்ளிவைக்கப்பட்டது என்று இந்த வீட்டில் சொன்னார்கள். முறிந்தது என்று அந்த வீட்டில் சொன்னார்களாம்.

வீட்டிலிருந்த எல்லோருக்கும் தொண்டையில் சாம்பிள் எடுத்தோம், மாத்திரை கொடுத்தோம். பந்தலைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். நான் வெளியே வந்தபோது நஸ்ரின் குழாயடியில் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் கழுவக் கழுவ அந்த நிறம் சிவந்துகொண்டே வந்தது.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சமைத்ததைத் தொடாமல் கிளம்பி, காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூட்டத்துக்குள் நடந்தேன். எதையும் வாங்கவில்லை. பீச் ரோட்டுக்குப் போனேன். கடலைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டு வாசல்வரை நடந்து, ஆயிஷாவின் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். போன் அடிக்காதபோதும் அடிப்பதுபோல் இருந்தது. ஒரு நிருபர் கூப்பிட்டு எந்தத் தெரு என்று கேட்டார். அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

அந்த அலைச்சலுக்கு நடுவே என் மனத்துக்குள் ஒன்று வந்தது. ரிசல்ட் அந்த நோய்தான் என்று வரட்டும், நான் செய்தது சரியென்று ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு சின்னப் பெண்ணின் தொண்டையில் உயிரைக் கொல்லும் நோய் இருக்கட்டும் என்று ஒரு டாக்டர் வேண்டிக்கொள்வதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? அந்த எண்ணம் வந்ததை உணர்ந்ததும் பீச் ரோட்டுக் கற்சுவரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கும் அது வரும். வரும்போது அதை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அதன் பேச்சைக் கேட்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள், ஒரு போன்கூடச் செய்யாதீர்கள். அது கடந்து போகும்வரை உட்கார்ந்திருங்கள்.

ரிசல்ட் வந்தது. தொண்டை அடைப்பான் இல்லை. அதேபோலத் தொண்டையில் சாம்பல் நிறத்தில் படியவைக்கும் வேறொரு வைரஸ். தானாகவே அடங்கக்கூடியது. ஆயிஷாவுக்குக் காய்ச்சல் விட்டு, பசிக்கிறது என்று அம்மாவிடம் இட்லி கேட்க ஆரம்பித்திருந்தாள். வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை.

மேலதிகாரி, "நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. அந்த நாகரிகம் அவருக்கு இருந்தது. ஆனால் வேறொன்று சொன்னார்.

"இனிமே எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரு சுற்றறிக்கை விடலாம்னு பாக்கறேன். உறுதியான கேஸ மட்டும் அனுப்பட்டும். சந்தேகத்தையெல்லாம் அனுப்ப வேணாம்."

"அப்படி விட்டா நமக்குத் தகவலே வராது சார். நம்ம கம்ப்யூட்டர் கிராஃப்ல கோடு நேரா, அழகா இருக்கும். நோய் அதுபாட்டுக்கு வெளிய இருக்கும்."

நான் அங்கிருந்து நேராகக் குழந்தைகள் வார்டுக்குப் போனேன். அந்த இளம் டாக்டர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது.

"சாரி மேடம். என்னாலதான் ஒரு கல்யாணமே நின்னுபோச்சு. இனிமே ரிசல்ட் வந்தப்புறம்தான் உங்களுக்குச் சொல்வேன்."

ஒரு வாரமாக நான் பட்ட பயம் எல்லாவற்றையும்விட அந்த ஒரு வாக்கியம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. சுற்றறிக்கையே தேவையில்லை, அது தானாகவே இவர் மனத்துக்குள் வந்து இறங்கிவிட்டது. இவர் வாயை மூடிக்கொண்டால் பக்கத்து வார்டு டாக்டரும் மூடிக்கொள்வார். நாம் சேகரிக்கும் எண்கள் இயந்திரத்திலிருந்து வருவதில்லை. வெட்கப்படக்கூடிய மனிதர்களிடமிருந்து வருகின்றன.

"கெளம்புங்க, பாய் கடைக்குப் போவோம்" என்றேன்.

"நானா? அங்க வந்து நான் என்ன பேசறது?"

"ஒண்ணும் பேச வேணாம். கூட நில்லுங்க."

போனிலேயே சொல்லிவிடலாம் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். கெட்ட செய்தியை நேரில் போய்ச் சொன்னவள் நல்ல செய்தியைப் போனில் சொன்னால் அது ஒளிந்துகொள்வது.

கரீம் பாய் கடையில் மெத்தை ஒன்றை நீண்ட ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் ஊசியை மெத்தையிலேயே குத்தி நிறுத்தினார். கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மகளுக்காக. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு கல்யாணம் நடந்திருந்தா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆயிருக்காது பாய்."

"நாளைக்கே இதே மாதிரி வந்தா?"

"மறுபடியும் வருவேன்."

அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டதாக இல்லை, கேட்டுக்கொண்டதாக மட்டும். என்னை உட்காரச் சொல்லவில்லை. பின்னால் நின்றவரைப் பார்த்து, "நீங்கதான வார்டு டாக்டரு?" என்றார்.

"ஆமாங்க. நான்தான் மொதல்ல சந்தேகப்பட்டது. மன்னிச்சிடுங்க."

"எதுக்கு மன்னிப்பு? மொத பாத்தவரு வாய்க்குள்ள லைட்டுகூட அடிக்காம அனுப்பிட்டாரு. நீங்க ஒருத்தருதான் எம்புள்ளய படுக்க வச்சு கழுத்த தொட்டுப் பாத்தீங்க. என் சம்சாரம் அதையேதான் சொல்லிட்டிருக்கு." ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் போட்டார். "உக்காருங்க தம்பி. டீ சொல்றேன்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு அதில் வருத்தமில்லை. அந்த இளைஞர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது எனக்குப் போதும். கோபத்தை வாங்கிக்கொள்ள அரசாங்கத்தில் யாராவது ஒருவர் வேண்டும். அது சந்தேகத்தை முதலில் சொன்னவராக இருக்கக் கூடாது.

இன்னொரு வேலை மிச்சமிருந்தது. கரீம் பாயிடமும் நஸ்ரினிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நெல்லிக்குப்பம் போனேன். அலுவலக வேலை அல்ல என்பதால் பஸ்ஸில் போனேன். நம் எச்சரிக்கை எந்த வீடுவரை போயிற்றோ அந்த வீடுவரை நம் காலும் போக வேண்டும். அங்கே மாப்பிள்ளையின் அம்மா கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேத்தி. மகள் பிரசவத்துக்கு வந்திருந்த நேரம்.

"எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்தீங்க? பொண்ணே போன் போட்டு வேணாம்னு சொல்லிடுச்சு. அதுக்கு மனசுல வேற என்னமோ இருக்கு. நோய் கீய்னு சாக்கு சொல்றாங்க."

"அந்த போனைப் பிடிச்சிருந்தது நான்தான்மா. அவ ரெண்டு கையிலயும் மருதாணி இருந்துச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நோய் இருக்கலாம்னு சந்தேகப்பட்டதும் நான்தான். இப்ப இல்லன்னு ஆயிடுச்சு. அவ அத்தா கல்யாணத்த நடத்திடலாம்னுதான் இருந்தாரு. 'அவங்க வீட்ல பாப்பா இருக்கு, எம்மடியிலதான் கொண்டாந்து வைப்பாங்க'ன்னு சொன்னது அவதான். அதச் சொல்லத்தான் உங்களுக்குப் போன் போட்டா. நீங்க வெச்சிட்டீங்க."

அந்தம்மா மடியிலிருந்த குழந்தையைக் குனிந்து பார்த்தார். குழந்தை முனகியதும் தோளில் எடுத்துப் போட்டுத் தட்டிக்கொடுத்தார். உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டு, "உன் தம்பிய எழுப்பி வரச் சொல்லு" என்றார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் கிளம்பியபோது வாசல்வரை வந்து, "அந்தப் புள்ள இப்ப வேலைக்குப் போயிட்டிருக்கா, வீட்ல இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

கல்யாணம் நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை, வந்திருந்தாலும் கரீம் பாய் முகத்துக்காக நான் போயிருக்க மாட்டேன். நஸ்ரின் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சுற்றறிக்கை கடைசிவரை போகவில்லை. மேலதிகாரி அதைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் குழந்தைகள் வார்டிலிருந்து அதே டாக்டர் கூப்பிட்டார். தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்திருந்தார்கள். அதே வீக்கம், அதே சாம்பல் நிறம். "போன தடவ மாதிரியே ஆனாலும் ஆகலாம் மேடம்" என்று அவரே சொன்னார். எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் கிளம்பினோம். அந்த முறை அது தொண்டை அடைப்பான்தான். பையனுக்கு அன்றைக்கே மருந்து ஏறியதால் பிழைத்தான். அவன் வீட்டில் இன்னும் நடக்கப் பழகாத தங்கை ஒருத்தி இருந்தாள். அவள் தொண்டையிலும் கிருமி இருந்தது, நோயாக மாறுவதற்கு முன்பே பிடித்துவிட்டோம்.

அந்தத் தங்கை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அன்றைக்கு எங்களுக்குப் போன் செய்யாமல் இருக்க அந்த டாக்டரிடம் எல்லா நியாயமும் இருந்தது. இருந்தும் செய்தார்.